உடல்நலக் காரணத்தால் லைசென்ஸ் ரத்தா? 30 நாள் கெடுவைத் தவறவிடாதீர்கள்

சந்தேகங்களும் விளக்கங்களும்

பக்கவாதம் வந்து தேறியவர், கண்ணில் ஆபரேஷன் ஆனவர், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்று பலருக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருநாள் இந்தச் சிக்கல் வருகிறது. ஓட்டத் தகுதியில்லாதவர் சாலையில் இறங்கக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. ஆனால் தகுதி உள்ளவர்களும் சட்டம் தெரியாததால் லைசென்ஸை இழந்து, வருமானத்தையும் இழந்து நிற்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த விளக்கங்கள்.

15 வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன். இடையில் வந்த நோய்க்காக அதை ரத்து செய்ய முடியுமா?

முடியும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. நோயாலோ உடல் குறைபாட்டாலோ ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். அதே பிரிவில் இன்னொரு வழியும் இருக்கிறது: ரத்து செய்யாமல், மருத்துவச் சான்று கொடுத்தால் லைசென்ஸ் தொடரும் என்று நிபந்தனை விதிக்கலாம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. சந்தேகம் இருந்தால் சான்று கேட்டிருக்கலாமே, எடுத்த எடுப்பில் ஏன் ரத்து என்று நீங்கள் கேட்பதற்குச் சட்டத்திலேயே ஆதாரம் இருக்கிறது. யாரோ போட்ட மொட்டைக் கடுதாசி மட்டும் நியாயமான காரணம் ஆகாது.

குடிபோதை வழக்கில் சில மாதம் நிறுத்தி வைக்கிறார்களே, அதுபோலத்தானா இதுவும்?

இல்லை. அது 19-ஆவது பிரிவின்படி நடப்பது. கெடு முடிந்து, சொல்லப்பட்ட பயிற்சியையும் முடித்தால் லைசென்ஸ் திரும்பி வரும். மருத்துவக் காரணத்தால் ரத்தானது நாள் கடந்தால் தானாக உயிர்பெறாது. நீங்கள்தான் முயல வேண்டும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து சரியாகிவிட்டது. புதுப்பிக்கப் போனபோது, "இனிமேல் கிடைக்காது, போங்க" என்று கவுன்டரிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

அந்த வாய்வார்த்தையைக் கேட்டுத் திரும்பி வந்தால் அப்பாவின் உரிமை அங்கேயே முடிந்துவிடும். ரத்து செய்தாலும் புதுப்பிக்க மறுத்தாலும், காரணத்தை எழுதி ஆணையாகவே கொடுக்க வேண்டும் என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. இது அலுவலர் மனம் வைத்தால் செய்யும் உதவி அல்ல, அவருடைய கடமை. எனவே விண்ணப்பத்தை முறையாகப் பதிவு செய்து அதன் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். "மறுப்பதாக இருந்தால் 17-ஆவது பிரிவின்படி காரணத்துடன் எழுத்துப்பூர்வ ஆணை தர வேண்டுகிறேன்" என்று ஒரு மனு எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் மேலுள்ள முத்திரைதான் தேதிக்குச் சாட்சி. தாமதத்தை மன்னித்து ஏற்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். எந்த அதிகாரியிடம் மேல்முறையீடு என்பதை ஆணையைத் தந்த அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டு அதிகாரி உங்களை நேரில் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. இரு தரப்பையும் கேட்ட பிறகே தீர்ப்பு என்று அதே பிரிவு சொல்கிறது.

மேல்முறையீட்டில் எதைக் காட்டினால் நிற்கும்?

தோற்பவர்களில் பலர் குடும்பக் கஷ்டத்தை விரிவாக எழுதிவிட்டு, உடல்நிலையைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். கஷ்டம் உண்மைதான். ஆனால் அங்கே கேட்கப்படுவது, இன்றைக்கு இவரால் பத்திரமாக ஓட்ட முடியுமா என்பது ஒன்றே. அதற்கு மருத்துவச் சான்றான படிவம் 1ஏ-வில் டாக்டர் போட்ட கையெழுத்து மட்டும் போதாது. அந்த நோய்க்கான சிறப்பு மருத்துவரின் கடிதம் வேண்டும். பரிசோதித்த தேதி, செய்த சோதனைகள், கை கால் வலு, பார்வை, மாத்திரையால் தூக்கக் கலக்கம் வருமா இல்லையா, எந்த வகை வண்டியை ஓட்டலாம் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். கார் ஓட்டத் தகுதி உள்ளவர் லாரிக்குத் தகுதியாக இல்லாமல் போகலாம். அப்படியிருந்தால் கார் லைசென்ஸையாவது விட்டுவைக்கும்படி மாற்றுக் கோரிக்கை வையுங்கள். ஒரு காலோ கையோ இயங்காதவர், அதற்கேற்ப மாற்றியமைத்த வாகனத்துக்கு லைசென்ஸ் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு.

டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை இணையுங்கள். அரசு மருத்துவக் குழு முன் பரிசோதனைக்கு வரவும், மறுபடி ஓட்டிக் காட்டவும் தயார் என்று மனுவில் எழுதுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் வீணாகப் பயப்படுகிறார்கள். விண்ணப்பிப்பவர் தரும் உடல்தகுதி உறுதிமொழியில் அவர்களைப் பொறுத்தவரை கேட்பது மயக்கம், திடீர் நினைவிழப்பு பற்றித்தான். சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழுந்ததுண்டா என்பதே அங்கே முக்கியம்.

மூன்று வருடமாக எனக்கு வலிப்பு வரவில்லை. ஓட்டலாமா?

இதுதான் கடினமான கேள்வி. உறுதிமொழியிலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். பிரிட்டனில் பொதுவாக 12 மாதம் வலிப்பே வராதவர் கார் ஓட்டலாம். நம் சட்டத்தில் அப்படி ஒரு கால வரையறை இல்லை. மருந்தால் முழுக்கக் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கும் நேற்று விழுந்தவருக்கும் ஒரே கேள்வி, ஒரே பதில் என்றிருப்பது நியாயமாகப் படவில்லை. இது மாற வேண்டும். அதற்காக 'இல்லை' என்று பொய் எழுதாதீர்கள். தவறான தகவல் தந்து பெற்ற லைசென்ஸுக்கு 19-ஆவது பிரிவு பாயும். நரம்பியல் நிபுணரின் தொடர் சிகிச்சைப் பதிவுகளோடு உண்மையைச் சொல்லி வாதாடுவதுதான் வழி. ஓட்டக் கூடாது என்று அந்த மருத்துவரே சொன்னால் கேளுங்கள்.

நிறக்குருடு இருப்பவர்களுக்கு?

2020 ஜூனில் விதி தளர்ந்தது. லேசான, நடுத்தர நிறக்குறைபாடு உள்ளவர்கள் லைசென்ஸ் பெறலாம். பழைய விதியால் மறுக்கப்பட்டவர்கள் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

மேல்முறையீடு நடக்கும்போது ஓட்டலாமா?

கூடாது. மனு போட்டதாலேயே ரத்து நின்றுவிடாது. இடைக்காலத் தடை கிடைத்தால் தவிர வண்டியைத் தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே. விபத்து நேர்ந்தால், அடிபட்டவருக்குக் கொடுக்கும் இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி வண்டி உரிமையாளரிடம் திருப்பி வசூலிக்கவும் வழி இருக்கிறது.

அரசு பஸ் டிரைவருக்கு வேலையே போய்விடுமா?

போகக் கூடாது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது; அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4)-ஆவது பிரிவு சொல்கிறது. உடனே பணியிடம் இல்லாவிட்டால், கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ உபரிப் பணியிடத்தில் வைக்க வேண்டும். விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று யாராவது நீட்டினால், இதைப் படித்துக் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

மேல்முறையீட்டிலும் தோற்றுவிட்டால்?

அந்த முடிவு ஆணை தந்த அலுவலரைக் கட்டுப்படுத்தும் என்கிறது 17-ஆவது பிரிவு. ஆனாலும் உங்களைக் கேட்காமலோ மருத்துவச் சான்றைப் பார்க்காமலோ முடிவெடுத்திருந்தால், அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம். நீதிமன்றம் உங்களை மருத்துவர்போல் சோதிக்காது. நடைமுறை சரியாக நடந்ததா என்று பார்த்து, மறுபடி விசாரிக்கும்படி திருப்பி அனுப்பலாம். உடல்நிலை உண்மையிலேயே முன்னேறியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு: புதிய சான்றுடன் புதிதாக விண்ணப்பிப்பது. மருத்துவக் காரணத்தால் ரத்தானவர் இத்தனை வருடம் விண்ணப்பிக்கவே கூடாது என்று 16-ஆவது பிரிவில் எங்கும் இல்லை.