பனிப்பாளத்தின் அடியில் ஒரு தேசம்

உலகத் தீவுகளுள் மிகப் பெரியது கிரீன்லாந்து என்பது பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்த விஷயமே; ஆயினும், அத்தீவில் கண்ணுக்குப் புலப்படும் நிலம் கரையோரமாகச் செல்லும் ஒரு குறுகிய விளிம்பு மட்டுந்தான் என்பதும், எஞ்சிய ஐந்தில் நான்கு பங்கு, அதாவது ஏறக்குறைய 17 லட்சம் சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள பிரதேசம், ஒரே பனிப்பாளத்தின் அடியில் மறைந்து கிடப்பதும் நம் மனத்தில் அவ்வளவாகப் பதிவதில்லை. அப்பாளத்தின் கனம் மத்தியில் 3 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக உருகாமல் படிந்த பனி, மேலே விழுந்த பனியின் பாரத்தால் இறுகிக் கட்டியாகி, ஊற்றிய தோசைமாவு மெல்லப் பரவுவது போலத் தன் எடையாலேயே நாற்புறமும் நகர்ந்து, மலை இடுக்குகளின் வழியே பனியாறுகளாகக் கடலை நோக்கி இறங்குகிறது.

இதன் ஆழத்தை அறிய முயன்றவர்களுள் முதன்மையாக நினைக்கத்தக்கவர், கண்டங்கள் இடம்பெயர்கின்றன என்ற கொள்கையை உலகுக்குத் தந்த ஆல்பிரட் வெகனர். 1930-ஆம் ஆண்டு அவர் தலைமையில் சென்ற ஜெர்மானியக் குழுவினர், பனியில் வெடி வைத்து, அதன் அதிர்ச்சி அடிப்பாறையில் மோதித் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு, பாளத்தின் நடுவில் பனி 2 கிலோமீட்டருக்கும் அதிகமான கனமுடையது என்று கண்டார்கள். வெகனரோ பாளத்தின் நடுவில் குழுவினர் அமைத்திருந்த நிலையத்துக்கு உணவு கொண்டு சென்று திரும்பும் வழியில், அவ்வாண்டு நவம்பரில் உயிர் துறந்தார். அவருடைய உடல் அந்தப் பனியிலேயே இருக்கிறது.

பிற்காலத்தில் விமானங்களிலிருந்து ராடார் அலைகளைச் செலுத்திப் பார்த்தபோது வெளிப்பட்ட அடித்தளம் வியப்புக்குரியது. ஓரங்களில் மலைகள் அரணாக நிற்க, நடுப்பகுதி குழிந்து, பல இடங்களில் கடல் மட்டத்துக்கும் கீழே தாழ்ந்திருக்கிறது. இந்தக் குழிவுக்குப் பனியின் பாரமே பெருங்காரணம். பூமியின் உட்பாறை பனியைவிட மூன்றரை மடங்கு அடர்த்தியுள்ளதாதலால், 3 கிலோமீட்டர் பனி ஏறி நெடுங்காலம் அமர்ந்தால் தரை ஏறக்குறைய 800 மீட்டர் அமிழ்ந்துவிடும். 2013-இல் இப்பாளத்தின் கீழே 750 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பள்ளத்தாக்கும் கண்டறியப்பட்டது. பனி மூடுவதற்கு முன்னர் அங்கே ஆறு ஓடியிருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு. தென்மேற்கே, நூக் நகரத்துக்கு அப்பால், பனியின் விளிம்பில் தலைகாட்டும் இசுவா பாறைகள் 370 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பூமியில் எஞ்சியுள்ள மிகப் பழைய பாறைகளுள் அவையும் அடங்கும்.

ஆனால், இவ்வளவு தொன்மையான பாறைமேல் அமர்ந்திருப்பதனாலேயே பனியும் சாசுவதமானது என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்க ராணுவம் வடமேற்கே பனிக்குள் அமைத்த கேம்ப் செஞ்சுரி என்னும் முகாமில், 1966-ஆம் ஆண்டு 1,387 மீட்டர் ஆழம் துளைத்து அடித்தளத்தை எட்டியவர்கள், அதற்கும் கீழே மூன்றரை மீட்டர் அளவுக்கு உறைந்த மண்ணையும் எடுத்து வந்தார்கள். உறைபெட்டியில் பல்லாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்த அந்த மண்ணைப் பின்னர் கழுவிச் சலித்துப் பார்த்தபோது, சுள்ளிகளும் இலைத் துணுக்குகளும் பாசியும் கிடைத்தன. சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் பனியின்றி வெயில் கண்டு, செடி முளைத்துக் கிடந்தது என்று 2023-இல் நிறுவப்பட்டது. அக்காலத்துக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 280 பங்கே. இன்றோ 420 பங்கைத் தாண்டிவிட்டது. பனிப்பாளத்தைப் பற்றி நான் அறிந்த செய்திகளில் என்னை மிகவும் கலங்கவைப்பது இதுவே.

இன்றைய தேய்வு மேலிருந்தும் ஓரத்திலிருந்தும் நிகழ்கிறது. கோடையில் பாளத்தின் விளிம்புப் பகுதியில் குனிந்து பார்த்தால், பனியில் விரல் நுழையும் அளவு முதல் பல அளவுகளில் வட்டக் குழிகளும், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிட்டிகைக் கருந்தூளும் தெரியும். காற்று கொண்டுவந்த அந்தத் தூசி வெயிலின் உஷ்ணத்தை உறிஞ்சிச் சுற்றியுள்ள பனியைக் கரைத்துக்கொண்டே கீழிறங்குகிறது. உருகிய நீர் ஏரிகளாகத் தேங்குகிறது. 2006-இல், 5.6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தகைய ஏரி ஒன்று, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கனமுள்ள பனியைப் பிளந்து, இரண்டு மணி நேரத்துக்குள் முழுவதும் அடிப்பாறைக்கு வடிந்துவிட்டது.

ஓரத்தில் நிகழ்வதற்கு எடுத்துக்காட்டாக மேற்குக் கரையின் இலுலிசாட் ஒன்றே போதும். அங்கே கடலில் இறங்கும் பனியாறு 2012-ஆம் ஆண்டுக் கோடையில் நாளொன்றுக்கு 46 மீட்டர் நகர்ந்தது. 2016-க்குப் பின் குளிர்ந்த கடல்நீர் வந்து சேரவே, சில ஆண்டுகள் அதன் வேகம் தணிந்தது. கடலின் உஷ்ணமே அதன் கடிவாளம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அது உடைத்தனுப்பும் பனிமலைகள், பண்டைப் பனியாறு தள்ளிவந்து கொட்டிய கல்லும் மண்ணும் குடாவின் வாயில் திட்டாகக் கிடப்பதால், அதில் தரைதட்டி நின்று, கரைந்து சிறுத்த பிறகே வெளிக்கடலுக்குச் செல்கின்றன.

2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பு மாறுதலைக் கொண்டு இப்பாளத்தை எடைபோட்டு வந்தன. ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 27,000 கோடி டன் பனி குறைகிறது; 2019-இல் மட்டும் 50,000 கோடி டன்னுக்கு மேல் போயிற்று. உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயர 36,000 கோடி டன் போதும். பாளம் முழுவதும் கரைந்தால் கடல் 7 மீட்டருக்கு மேல் உயரும். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் செல்லும் என்பது உண்மை. எனினும், பாளம் உயரம் குறையக் குறைய அதன் மேற்பரப்பு மேலும் வெப்பமான காற்றுக்குள் தாழ்கிறதாதலால், தேய்வே தேய்வுக்குக் காரணமாகிவிடுகிறது.

பாரம் நீங்கிய பாறையும் சும்மா இருப்பதில்லை. கரையோர மலைகளில் பதித்த கருவிகள், தரை ஆண்டுதோறும் மேலெழுவதைக் காட்டுகின்றன. மேலும், இத்தனை பெரிய பனித்திரள் தன் ஈர்ப்பினால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பால் இழுத்துவைத்திருந்தது. திரள் சிறுக்க, அந்த நீரும் விலகிப் போகிறது. ஆகவே கிரீன்லாந்தின் கரையில், உருகும் பனியின் அருகிலேயே, கடல் தாழ்கிறது. உயர்வு முழுவதும் தொலைவிலுள்ள கடல்களின் பங்காகிறது. வெப்ப மண்டலத்துக் கடற்கரைகளில் அது உலகச் சராசரியையும் சற்றே மிஞ்சுகிறது. நம் சோழமண்டலக் கரையும் அவற்றுள் அடங்கும்.