கணக்குக் கேட்பது குற்றமா?



ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிவாசலில் ஜமாஅத் பொதுக்குழு கூடுகிறது. செயலாளர் எழுந்து வரவு செலவுக் கணக்கை வாசிக்கிறார். சந்தா வரவு இவ்வளவு, கடை வாடகை இவ்வளவு, வெள்ளையடித்த செலவு இவ்வளவு என்று வரிசையாகச் சொல்கிறார். பின் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவர், "ஹவுளுக்குக் குழாய் மாற்றிய ரசீது எங்கே?" என்று கேட்கிறார். அவரை ஜமாஅத்தின் பகைவர் என்று எவரும் எண்ணுவதில்லை. ரசீது காட்டப்படுகிறது, கூட்டம் தொடர்கிறது. பொதுப்பணம் அமானிதம் என்பதும், அமானிதத்தைக் கையாள்பவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதும் நம் சிறுபிள்ளைகளும் அறிந்த செய்திகள்.

ஆனால் இதே கேள்வியை அரசாங்கத்திடம் கேட்க மட்டும் நாம் ஏன் தயங்குகிறோம்? "நமக்கு எதற்கு வம்பு?" என்று ஏன் ஒதுங்குகிறோம்? அரசின் கருவூலத்தில் இருப்பது எவருடைய பணம்? கடையில் ஒரு சோப்புக் கட்டி வாங்கும் ஏழைத் தாயும் அதன் விலையோடு வரியையும் சேர்த்தே கொடுக்கிறார். கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை இல்லையா?

இந்த உரிமையை இந்நாட்டு மக்களுக்குப் பெற்றுத் தந்ததில் எழுத்தறிவு குறைந்த கிராமத்து உழைப்பாளிகளுக்குப் பெரும் பங்குண்டு. அந்த வரலாற்றை நம் இல்லங்களில் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

வறண்ட பூமியில் எழுந்த குரல்

இராஜஸ்தான் மாநிலத்தின் நடுப்பகுதி மழை பொய்க்கும் பூமி. வறட்சிக் காலங்களில் அரசு நடத்தும் நிவாரண வேலைகளே அங்குள்ள ஏழைகளின் அடுப்பை எரியச் செய்தன. சாலை போடுவதும், குளம் வெட்டுவதும், தடுப்பணை கட்டுவதுமே அந்த வேலைகள். ஆணும் பெண்ணும் நாள் முழுவதும் வெயிலில் மண் சுமந்தார்கள். எனினும் சட்டம் விதித்திருந்த குறைந்தபட்சக் கூலி அவர்கள் கைக்கு முழுமையாக வரவில்லை.

காரணம் கேட்டால், "நீங்கள் அளவுக்கு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் உள்ளது" என்று பதில் வந்தது. அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க இரகசியம் என்றார்கள். மண் சுமந்தவரின் பெயரும் அவர் பெற்ற கூலியும் எழுதப்பட்ட தாள், அவருக்கே இரகசியமாம்!

இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து வந்த அருணா ராய் அவர்களும், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் 1987-ஆம் ஆண்டு இராஜ்சமந்து பகுதியில் தேவ்டுங்ரி என்னும் சிற்றூரில் குடியேறினார்கள். அவ்வட்டார உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் அவர்களுடன் சேர்ந்து 1990-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்னும் அமைப்பை நிறுவினார்கள். முழுக் கூலி கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள், மனுக் கொடுத்தார்கள். நாளடைவில் ஓர் உண்மை அவர்களுக்குத் தெளிவாயிற்று. காகிதம் கைக்கு வராதவரை கூலியும் கைக்கு வராது. கூலிக்கான போராட்டம் கணக்குக்கான போராட்டமாக மாறியது இவ்வாறுதான்.

ஊர் நடுவே வாசிக்கப்பட்ட பதிவேடு

1994-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள். பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்னும் கிராமத்தில் முதல் 'ஜன் சுன்வாயி', அதாவது மக்கள் விசாரணை நடைபெற்றது. பஞ்சாயத்து வேலைகளுக்கான வருகைப் பட்டியல்களும் பொருள் வாங்கிய பில்களும் ஊர் மக்கள் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன.

கேட்டவர்கள் திகைத்தார்கள். வேலைக்கே செல்லாதவர்கள் கூலி வாங்கியதாகப் பட்டியல் கூறியது. வராத பொருள்களுக்குப் பில் போடப்பட்டிருந்தது. கூரையே போடப்படாமல் நின்ற ஓர் அரசுக் கட்டடம் காகிதத்தில் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. பெயர் வாசிக்கப்பட்டவர் கூட்டத்திலேயே எழுந்து, "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்று சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு?

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தலைநகரிலிருந்து வரும் தணிக்கையாளர் பில்லையும் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டும் பொருந்தினால் அவரது ஐயம் தீரக்கூடும். அந்தப் பெயருக்குரியவர் வெளியூரில் இருந்தாரா, வீட்டில் நோயுற்றுக் கிடந்தாரா என்பதை ஊர்தான் அறியும். எனவேதான் பள்ளிக்கூடம் பாராத மூதாட்டியும் அன்று ஒரு தணிக்கையாளர் ஆனார்.

அவ்வியக்கத்தைச் சேர்ந்த, நான்காம் வகுப்பு வரையே படித்த பெண்மணி ஒருவர் கூறிய விளக்கம் பெரிதும் பேசப்பட்டது. மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறோம்; நம் பெயரால் கோடி கோடியாகச் செலவிடும் அரசிடம் கேட்க வேண்டாமா என்பதே அவர் கூற்றின் சாரம். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்களின் முழக்கமாயிற்று.

வாக்குறுதி வேறு, ஆணை வேறு

1995-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அன்றைய முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் அவர்கள் சட்டமன்றத்திலேயே ஒரு வாக்குறுதி தந்தார். ஊராட்சி வேலைகளின் ஆவண நகல்களைக் கட்டணம் செலுத்தி எவரும் பெறலாம் என்றார். செய்தித்தாள்கள் அதைப் பாராட்டி எழுதின. மக்கள் அலுவலகங்களுக்குச் சென்றார்கள். "ஆணை வரவில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஓராண்டு கடந்தது, ஆணை வரவில்லை.

1996 ஏப்ரல் 6-ஆம் நாள் பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது; நாற்பது நாட்கள் நீடித்தது. கிராமத்து மக்கள் தானியம் அனுப்பினார்கள். நகரத்துக் காய்கறி வணிகர்கள் காய்கறி கொடுத்தார்கள். அரசு ஒரு குழுவை அமைத்தது. பலன் கிட்டாமல் போகவே 1997-ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் மீண்டும் தர்ணா. இம்முறை ஐம்பத்து மூன்று நாட்கள். அதன் இறுதியில்தான், நகல் பெறும் உரிமையை அளிக்கும் ஆணை ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டதாகத் துணை முதலமைச்சர் அறிவித்தார்! கேட்டுப் போராடியவர்களுக்கே தெரியாமல் ஓர் ஆணை உறங்கிக் கிடந்தது.

வாசகர்களே, அரசின் வாக்குறுதி நம் கைக்கு வரும் பாதை எத்தனை நீளமானது என்று பாருங்கள். மேடைப் பேச்சு ஆணை ஆகிவிடாது. ஆணை பிறந்தாலும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்கிய பணம் செலவாக வேண்டும். செலவான பணம் வேலையாக நிற்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு காகிதம் உண்டு. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பவர் இல்லாத இடத்தில் வாக்குறுதி நின்றுவிடுகிறது.

சட்டம் பிறந்த கதை

1997-இல் தமிழ்நாடு தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றியது. மாநிலங்களில் அதுவே முதற்சட்டம். எனினும் அதில் விலக்குகள் மிகுந்திருந்தன. 2002-இல் நாடாளுமன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கே வரவில்லை. இறுதியில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 12-ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. முதலமைச்சரின் வாக்குறுதிக்கும் இச்சட்டத்திற்கும் இடையே பத்து ஆண்டுகள்!

இச்சட்டப்படி ஒரு குடிமகன் எழுத்து மூலம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று வினவ அதிகாரிக்கு உரிமை இல்லை. பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். உயிர், விடுதலை தொடர்பானதாயின் 48 மணி நேரம். விண்ணப்பக் கட்டணம் பொதுவாகப் பத்து ரூபாய். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஆவணங்களைப் பார்வையிடலாம், நகல் பெறலாம், நடக்கும் வேலையைப் பார்வையிடலாம், பயன்படுத்தும் பொருளின் மாதிரியையும் கேட்டுப் பெறலாம். தக்க காரணமின்றிக் காலம் கடத்தும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, அறிவிப்பைக் கேட்டு மகிழ்வதோடு நிற்காதீர்கள். வரவு செலவுத் திட்ட ஆவணத்தில் மூன்று தொகைகள் உண்டு: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு. தலைப்புச் செய்தியாவது முதல் தொகை. மூன்றாவது தொகை பின்னர் ஓசையின்றி வெளிவரும். இரண்டையும் ஒப்பிட்டாலே வாக்கு எங்கே நின்றது என்று புலப்படும். துறைதோறும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பையும் படியுங்கள்.

இது நம் வீட்டு அடுப்பங்கரை வரை வரும் செய்தி. சிறுபான்மை மாணவர்க்கான ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வி உதவித்தொகை முன்பு முதல் வகுப்பு தொடங்கிப் பத்தாம் வகுப்பு வரை இருந்தது. 2022-இல் அது ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. எட்டாம் வகுப்பு வரை கல்விச் சட்டப்படி இலவசக் கல்வி கிடைக்கிறது என்பது அரசு கூறிய காரணம். அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் கருத்து. ஆனால் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த பிறகு செய்தியை அறிந்த பெற்றோர், கேள்வி கேட்கும் காலத்தை இழந்தவர் ஆகிறார்.

இரண்டாவதாக, கேட்கத் தெரிந்து கேளுங்கள். "பள்ளிச் சுவர் ஏன் இடிந்தது?" என்று எழுதினால் பயன் இராது, பதிவில் உள்ளதையே சட்டம் தரச் சொல்கிறது. அனுமதித்த தொகை, வேலை ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றைக் கேளுங்கள். அவற்றோடு சுவரின் முன் சென்று நில்லுங்கள்; ஏன் என்பதற்கு விடை தானே வரும். பதில் வராவிடில் 30 நாட்களுக்குள் அத்துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அங்கும் நியாயம் கிட்டாவிடில் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்திற்கும் எழுதுங்கள்.

மூன்றாவதாக, கிராம சபைக்குச் செல்லுங்கள். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூடுகிறது. பெண்களும் செல்ல வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளும், ரேஷன் கடையில் இருப்பு இல்லை என்று சொன்ன நாளும் அவர்களுக்கே நன்கு தெரியும்.

நான்காவதாக, தனியே கேட்பதைவிடச் சேர்ந்து கேளுங்கள். தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டோரும் உயிரிழந்தோரும் இந்நாட்டில் உண்டு. இராஜஸ்தான் மக்களைக் காத்தது அவர்களின் ஒற்றுமையே. தனிப்பட்ட பகைக்காகவோ, மிரட்டிப் பணம் பறிப்பதற்காகவோ இச்சட்டத்தைக் கையில் எடுப்பவர், நேர்மையாகக் கேட்பவர் அனைவருக்கும் தீங்கு செய்கிறார் என்பதையும் மறவாதீர்கள்.

உரிமை தானே வாழாது

பெற்ற உரிமை என்றும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். தகவல் ஆணையர்களின் பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் ஒன்றிய அரசே வரையறுக்கும் வகையில் 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரம் என்று கூறித் தகவலை மறுப்பதற்கான விலக்கை விரிவாக்கியது. வருகைப் பட்டியலில் உள்ள பெயர்களும் தனிநபர் விவரம்தான் என்று நாளை ஓர் அலுவலர் கூறினால், கோட் கிரானாவில் நடந்தது மீண்டும் நடக்க இயலுமா? சிந்தித்துப் பாருங்கள்.

ஆட்சிகள் மாறலாம், நமக்குப் பிடித்தவர் ஆளலாம், பிடிக்காதவர் ஆளலாம். பிடித்தவரிடம் கேளாமலும் பிடிக்காதவரிடம் மட்டும் கேட்டும் வாழ்வது கணக்குக் கேட்பது ஆகாது; அது கட்சி கட்டுவதே ஆகும். எவர் ஆண்டாலும் அமானிதம் அமானிதமே.

இம்மாதம் உங்கள் தெருவில் அரசுப் பணத்தில் நடந்த ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அது சாக்கடையாகவோ, பள்ளிக் கழிப்பறையாகவோ, தண்ணீர்த் தொட்டியாகவோ இருக்கலாம். அதன் கணக்கைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். வீட்டிலுள்ள மாணவ மாணவியரை அருகில் அமர்த்தி எழுதச் சொல்லுங்கள். கணக்குக் கேட்கத் தெரிந்த தலைமுறை, நாளை கணக்குக் கொடுக்கவும் தெரிந்த தலைமுறையாக வளரும்.