இரத்தப் போக்கை நிறுத்திய ஜப்பான் அம்மையார்

அரிவாள்மனையில் விரல் பட்டுவிடுகிறது. இரத்தம் வருகிறது. துணியை வைத்து அழுத்திப் பிடிக்கிறோம். சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. எப்படி நிற்கிறது?

இரத்தத்தில் மெல்லிய இழைகள் உண்டாகி, வலை போலப் பின்னிக்கொண்டு காயத்தை அடைக்கின்றன. அந்த அடைப்பைப் பிறகு கரைப்பதற்கும் உடம்பிலேயே ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் பிளாஸ்மின். புண் ஆறிய பிறகு அது வேலை செய்தால் நல்லது. பெரிய விபத்தில் அடிபட்டவருக்கோ, அது அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிடுகிறது. ஏரிக்கரை உடைப்பில் ஒருவர் மணல் மூட்டை அடுக்க, இன்னொருவர் பின்னாலேயே இழுத்துப் போட்டால் என்ன ஆகும்? அதே கதைதான்!

இந்தக் கரைப்பானைத் தடுக்க மருந்து கண்டுபிடித்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். டாக்டர் ஷோசுகே ஒகாமோட்டோ, டாக்டர் உடாகோ ஒகாமோட்டோ.

முதுகில் குழந்தை

இரண்டாவது உலகப் போர் முடிந்த சமயம். ஜப்பானில் பணமும் இல்லை, பொருளும் இல்லை. எதைப் பற்றி ஆராயலாம் என்று இருவரும் யோசித்தார்கள். இரத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். போதாவிட்டால் சொந்த இரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

உடாகோவுக்குக் கைக்குழந்தை இருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தார். டாக்டர்கள் கூட்டத்தில் பேச எழுந்தபோது, "நடனம் ஆடப்போகிறாயா?" என்று ஆண்கள் கேலி செய்தார்களாம். படித்தவர்களின் லட்சணம் அப்படி இருந்தது!

உணவில் இருக்கும் லைசின் என்ற சத்தை இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அதை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். முதலில் ஒரு மருந்து கிடைத்தது. அவர்கள் விடவில்லை. அதைவிட 27 மடங்கு வலிமையுள்ள மருந்து பிறகு கிடைத்தது. டிரானெக்சாமிக் அமிலம் என்ற அந்த மருந்தைப் பற்றி 1962-ல் அறிவித்தார்கள்.

பிரசவத்தில் இரத்தப் போக்கால் சாகும் தாய்மார்களை இதனால் காப்பாற்ற வேண்டும் என்பது உடாகோவின் ஆசை. கொடுத்துப் பாருங்கள் என்று பிரசவ டாக்டர்களைக் கேட்டார். யாரும் முன்வரவில்லை. பல் பிடுங்கும்போதும், மாதவிலக்கில் அதிக உதிரம் போகும்போதும் கொடுக்கும் சாதாரண மருந்தாகவே அது பல ஆண்டுகள் இருந்துவிட்டது.

40 நாடுகளில் சோதனை

லண்டனைச் சேர்ந்த டாக்டர் இயன் ராபர்ட்ஸ் குழுவினர் அதைக் கையில் எடுத்தார்கள். 40 நாடுகளில் 274 ஆஸ்பத்திரிகள் இந்தச் சோதனையில் சேர்ந்தன. இந்திய ஆஸ்பத்திரிகளும் அவற்றில் உண்டு. விபத்தில் அடிபட்ட 20 ஆயிரத்து 211 பேரில் பாதிப் பேருக்கு மருந்து, மறு பாதிக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. முடிவு 2010-ல் வெளியாயிற்று. உப்புநீர் பெற்றவர்களில் 1,613 பேர் இறந்திருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 1,463 பேர். 150 உயிர் வித்தியாசம்! மறு வருடமே உலக சுகாதார நிறுவனம் இதை அவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற்றினால் பலன் மிக அதிகம். மூன்று மணி வரை பலன் உண்டு. மூன்று மணி தாண்டிவிட்டால், இரத்தப் போக்கால் சாகிறவர்கள் குறையவில்லை, கூடினார்கள்! நூற்றுக்கு 3.1 ஆக இருந்தது, மருந்து பெற்றவர்களில் 4.4 ஆயிற்று. அதே மருந்துதான், நேரம்தான் வேறு. ஆகையால் அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் கூடி, யார் மேல் தப்பு என்று வாதாடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவருடைய மூன்று மணியிலிருந்துதான் கழிகிறது. காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்தைப் பற்றி டாக்டர் பார்த்துக்கொள்வார்.

தாய்மார்களுக்கு

உடாகோவின் பழைய ஆசை என்ன ஆயிற்று? அதே லண்டன் குழுவினர், பிரசவத்துக்குப் பின் இரத்தப் போக்கு ஏற்பட்ட 20 ஆயிரத்து 60 பெண்களிடம் சோதித்தார்கள். இரத்தப் போக்கால் இறந்தவர்கள், மருந்து பெறாதவர்களில் 191 பேர்; பெற்றவர்களில் 155 பேர். இங்கும் மூன்று மணிக்குள் கொடுத்தவர்களுக்கே பலன் தெரிந்தது.

சோதனை நடந்துகொண்டிருந்தபோது ராபர்ட்ஸ் ஜப்பானுக்குப் போய் உடாகோவைப் பார்த்தார். மருந்து வேலை செய்யும் என்பதில் அந்த அம்மையாருக்குச் சந்தேகமே இல்லை.

2016 ஏப்ரலில், 98-வது வயதில் உடாகோ காலமானார். தாய்மார்கள் சோதனையின் முடிவு 2017 ஏப்ரலில் வெளிவந்தது.