ஊர் திரும்பும் வழியில் கீமோதெரபி தடைப்படக் கூடாது

மீள்குடியேற்றத்துக்குப் பதிவு செய்யும் குடும்பங்களில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருபவர்களும் இருக்கிறார்கள். சிலர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்கி, மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போய் வருகிறார்கள். சிலர் தமிழ்நாட்டில் இருந்தபோது அங்குள்ள வைத்தியசாலைகளில் சிகிச்சையைத் தொடங்கியவர்கள். காணி, வீடு, பிள்ளைகளின் பாடசாலை என்று பல அலுவல்களுக்கு நடுவே ஒரு தவணை ஊசி தவறிப்போவது எளிது. நோயாளியும் வீட்டாரும் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம். இது உங்கள் வைத்தியரின் ஆலோசனைக்குப் பதிலாகாது.

மருந்து என்ன செய்கிறது?

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகின்றன. புற்றுநோய்க் கலங்கள் அப்படிப்பட்டவை. தலைமயிர், வாயின் உட்புறம், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றில் உள்ள நல்ல கலங்களும் வேகமாகப் பெருகுபவைதான். முடி உதிர்வதும், வாய்ப்புண் வருவதும், இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைவதும் அதனாலேயே. நல்ல கலங்கள் மீண்டெழ இடைவெளி தேவை. ஆகவே பல மருந்துகள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போன்ற தவணைகளில் தரப்படுகின்றன. தவணையை நீங்களாகத் தள்ளிப்போட்டால் புற்றுநோய்க் கலங்களுக்கும் அந்த இடைவெளி கிடைத்துவிடும்.

புறப்படுவதற்கு முன் கடிதம்

வடக்கே திரும்புபவர்கள் தெல்லிப்பளையில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சையைத் தொடரலாம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நிதி திரட்டும் நடைப்பயணத்தின் பயனாக எழுந்தது அது. கிழக்கே போகிறவர்களுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் புதிய வைத்தியருக்கு உங்கள் பழைய கதை தெரியாது. இப்போது பார்க்கும் வைத்தியரிடம் மாற்றுக் கடிதம் கேளுங்கள். அதில் இவை இருக்க வேண்டும்:

• நோயின் பெயரும் நிலையும், திசுப் பரிசோதனை அறிக்கையும்
• ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, கொடுத்த திகதி
• முடிந்த தவணைகள், மீதித் தவணைகள், அடுத்த தவணைத் திகதி
• கடைசி இரத்தப் பரிசோதனை, இதய எக்கோ முடிவுகள்
• எந்த மருந்துக்காவது ஒவ்வாமை வந்ததா என்ற குறிப்பு

கடிதத்தையும் கிளினிக் கொப்பியையும் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். தொலைபேசியில் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். இடப்பெயர்வில் காகிதங்கள் எப்படித் தொலையும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிவப்பு மருந்தின் கணக்கு

மார்புப் புற்றுநோய்க்கும் சில இரத்தப் புற்றுநோய்களுக்கும் டொக்சோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து தரப்படுகிறது. ஏற்றிய பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது இரத்தமல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் இந்த மருந்து இதயத் தசையைப் பலவீனமாக்கக் கூடியது. அந்தப் பாதிப்பு ஒரு தவணையோடு முடிவதில்லை, ஒவ்வொரு தவணையிலும் கூடிக்கொண்டே போகும். அதனால் ஒருவர் வாழ்நாள் முழுவதிலும் பெறக்கூடிய மொத்த அளவுக்கு எல்லை உண்டு. பொதுவாக அது உடல் மேற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 450 முதல் 550 மில்லிகிராம். இதய நோய் உள்ளவர்களுக்கும் நெஞ்சில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் எல்லை இன்னும் குறைவு.

ஓர் இடத்தில் நான்கு தவணை பெற்றவர் வேறு இடத்தில் கணக்கில்லாமல் மறுபடி தொடங்கினால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். சிகிச்சை முடிந்து பல வருடங்களானவர்களும், சிறுவயதில் இந்த மருந்தைப் பெற்றவர்களும் இந்தக் கணக்கை வைத்திருக்க வேண்டும். படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஊசி ஏற்றும்போது

மருந்தை ஏற்றும் முன் உங்கள் பெயரைக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். இன்று என்ன மருந்து, இரத்தப் பரிசோதனை முடிவு பார்க்கப்பட்டதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசி குத்திய இடத்தில் எரிவு, வலி, வீக்கம் தெரிந்தால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். "பொறுத்துக்கொள்வோம்" என்று இருக்காதீர்கள். சில மருந்துகள் நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசையையே அழுகச் செய்யும். தேய்க்கவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். ஒரு மருந்துக்குக் குளிர் ஒத்தடம், இன்னொன்றுக்குச் சூட்டு ஒத்தடம் என்று முறை வேறுபடும். வீட்டுக்கு வந்த பின் சிவந்தாலும் கொப்புளம் எழுந்தாலும் திரும்பிப் போங்கள்.

சிங்களம் தெரியாதவர்கள் மூன்று சொற்களை நினைவில் வைத்திருங்கள்: ரிதெனவா (வலிக்கிறது), இதிமிலா (வீங்கியிருக்கிறது), உண (காய்ச்சல்).

காய்ச்சல் என்றால் காத்திருக்க வேண்டாம்

மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்திருக்கும். அப்போது சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். வீட்டில் ஒரு வெப்பமானி வைத்திருங்கள். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைட், அல்லது அதற்கு மேல் என்றால் இரவானாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். பனடோல் போட்டுவிட்டு விடியும்வரை பார்ப்பது ஆபத்து. புற்றுநோய் வைத்தியசாலை தூரமென்றால் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கே முதலில் போங்கள். போனதும், "கீமோ எடுப்பவர், கடைசி ஊசி இன்ன திகதி" என்று சொல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

திரும்பிய வீட்டில்

பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைத் துப்புரவாக்கும் வேலையில் நோயாளி இறங்கக் கூடாது. பூஞ்சணம், தூசு, எலி எச்சம் எல்லாம் அவருக்கு ஆபத்து. பாவிக்காமல் கிடந்த கிணற்றை இறைத்துக் குளோரின் இட, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியைக் கேளுங்கள். குடிப்பதற்குக் கொதித்தாறிய நீரே வேண்டும்.

வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டீன் என்ற புற்றுநோய் மருந்து எடுக்கப்படுகிறது. அதற்காக அந்தச் செடியை அவித்துக் குடிக்காதீர்கள். செடியில் உள்ள நஞ்சின் அளவை யாரும் அளக்க முடியாது. எந்த நாட்டு மருந்தானாலும் வைத்தியரிடம் சொல்லிவிட்டே எடுங்கள்.

மருந்து ஏற்றி 48 மணி நேரம் வரை சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்தின் மிச்சம் இருக்கும். கையுறை போட்டுத் துப்புரவாக்குங்கள். மலசலகூடத்துக்கு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அழுக்கான துணியைத் தனியாகத் தோயுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். சிகிச்சைக் காலத்தில் கருத்தரிக்காமல் இருப்பது பற்றியும், தாய்ப்பால் கொடுப்பது பற்றியும் வைத்தியரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

புற்றுநோய் தொற்றாது. ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும், பக்கத்தில் படுத்தாலும், பேரப்பிள்ளையைத் தூக்கினாலும் வராது. நோயாளியைத் தனி அறையில் ஒதுக்கி வைக்க வேண்டிய தேவையில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சலோ தடிமனோ இருக்கும் நாட்களில் மட்டும், நோயாளியின் பாதுகாப்புக்காக, அவர்கள் கொஞ்சம் விலகி இருக்கட்டும்.

பயணத் திகதி ஊசித் தவணையோடு மோதினால் எங்கள் கள உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பயணத்தைத் தள்ளிவைக்க முடியும்.