ஆழ்கடல் வெந்நீர் ஊற்று விலங்குகளும் பாக்டீரியாக்களும்

ஆழ்கடல் வெந்நீர் ஊற்று என்பது கடலடித் தரையின் பிளவுகள் வழியே கனிமங்கள் கரைந்த வெந்நீர் பீறிட்டு வெளிவரும் இடமாகும். சூரிய ஒளி சிறிதும் எட்டாத இவ்விடங்களில் குழாய்ப்புழு, சிப்பி, நத்தை, இறால், நண்டு முதலிய விலங்குகள் பெருந்திரளாக வாழ்கின்றன. இவற்றுள் பல, தம் உடலுக்குள்ளோ உடலின் மேலோ குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஆக்கித்தரும் உணவைக் கொண்டே உயிர்வாழ்கின்றன. அந்தப் பாக்டீரியாக்களோ ஊற்று நீரில் கலந்துவரும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற பொருள்களை நம்பியுள்ளன. இரண்டு உயிர்கள் இவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து வாழ்வது இணைவாழ்வு எனப்படும். இந்தியப் பெருங்கடலிலும் இத்தகைய ஊற்றுகள் உள்ளன. அங்குள்ள கனிமங்களைத் தேடும் உரிமையை இந்தியா உட்படச் சில நாடுகள் பெற்றுள்ளதால், இவ்வுயிர்களின் எதிர்காலம் இன்று ஒரு கேள்வியாகியுள்ளது.

கண்டுபிடிப்பு

1977ஆம் ஆண்டு பசிபிக் பெருங்கடலில் கலாபகசுத் தீவுகளுக்கு அருகே, 'ஆல்வின்' என்ற நீர்மூழ்கி ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்திற்கு இறங்கியது. கடலடி வெந்நீர் ஊற்றைத் தேடிச் சென்ற அக்குழுவில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. அங்கு இவ்வளவு உயிர்கள் இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் கண்டவற்றுள் பெரிய குழாய்ப்புழு ஒன்று. ரிஃப்டியா எனப்படும் இது 2 மீட்டர் வரை வளரும். இதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை.

வாயில்லாத விலங்கு எப்படி உண்கிறது என்ற வினாவுக்கு ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவியாக இருந்த கொலீன் கவனா விடை கண்டார். புழுவின் உடலை நிரப்பியிருக்கும் ஒருவகைத் திசுவில் கந்தகப் படிகங்கள் காணப்பட்டன. அங்கே கந்தகத்தைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1981இல் அவரும் உடன் ஆய்ந்தவர்களும் அதற்கான சான்றுகளை வெளியிட்டனர். அத்திசுவின் ஒரு கிராமில் நூறு கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் உள்ளன.

உணவு உருவாகும் முறை

கடல்நீர் தரைப் பிளவுகளில் இறங்கி, அடியிலுள்ள பாறைக் குழம்பின் வெப்பத்தால் சூடேறி, பாறையிலுள்ள உலோகங்களையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு மேலெழுகிறது. வெளிவரும்போது அதன் வெப்பநிலை 350 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. மேலுள்ள நீரின் அழுத்தத்தால் அது கொதிப்பதில்லை. ஏறத்தாழ 2 டிகிரி குளிர்ந்த கடல்நீரைத் தொட்டதும் உலோக சல்பைடுகள் கரும்புகைபோல் பிரிந்து படிகின்றன. அவையே நாளடைவில் புகைபோக்கி வடிவத் தூண்களாகின்றன.

பசுந்தாவரங்கள் ஒளியின் ஆற்றலைக் கொண்டு கார்பன் டைஆக்சைடைச் சர்க்கரையாக மாற்றுகின்றன, இது ஒளிச்சேர்க்கை. ஊற்றுப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை ஆக்சிஜனுடன் வினைபுரியச் செய்து, அதில் கிடைக்கும் ஆற்றலால் அதே வேலையைச் செய்கின்றன. இது வேதிச்சேர்க்கை எனப்படும். இம்முறையை ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1880களிலேயே நிலத்து நுண்ணுயிர்களை ஆராய்ந்து விளக்கியிருந்தார். ஆயினும், ஒரு விலங்குக் கூட்டமே இதை நம்பி வாழக்கூடும் என்பது 1977க்குப் பின்னரே தெரியவந்தது.

இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இவ்வுயிர்கள் சூரியனிலிருந்து முற்றிலும் விடுபட்டவை என்று சொல்வதுண்டு. அது முழுமையாகச் சரியன்று. வினைக்குத் தேவையான ஆக்சிஜன், மேற்பரப்பில் நடந்த ஒளிச்சேர்க்கையால் உண்டாகிக் கடல்நீரில் கரைந்து ஆழத்திற்கு வந்ததே.

விலங்கின் பங்கு

பாக்டீரியாவுக்குச் சல்பைடும் ஆக்சிஜனும் ஒருங்கே வேண்டும். சல்பைடு ஊற்று நீரில் உள்ளது. ஆக்சிஜன் சுற்றியுள்ள குளிர்ந்த நீரில் உள்ளது. இரண்டும் கலக்கும் குறுகிய இடத்தில் நின்று, இரண்டையும் சேகரித்துக் கொடுப்பதே விலங்கின் வேலை. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு, செல்களின் சுவாசத்தை நிறுத்திவிடும் கொடிய நஞ்சு. ரிஃப்டியாவின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனையும் சல்பைடையும் ஒரே மூலக்கூறின் வெவ்வேறு இடங்களில் பிணைத்துக் கொண்டுபோகிறது. அதனால் நஞ்சு உடலைத் தாக்காமல் பாக்டீரியாவிடம் சேர்கிறது. ஒருவருக்கு நஞ்சானது மற்றவருக்கு மூலப்பொருளாகிறது.

பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடத்தைக் கொண்டு இவ்வுறவுகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. உடலுறுப்பின் செல்களுக்குள்: ரிஃப்டியா, செதிற்கால் நத்தை.
2. செவுள்களில்: ஊற்றுச் சிப்பிகள், அல்வினிகோன்கா என்னும் மயிர்நத்தை.
3. உடலின் மேற்பரப்பில்: பசிபிக்கின் பொம்பெயி புழுவின் முதுகு, எட்டி நண்டின் மயிர்கள், ஊற்று இறாலின் செவுள் அறையும் வாயுறுப்புகளும்.

இந்தியப் பெருங்கடலில்

மொரீசியசின் ரோட்ரிக்சு தீவுக்குத் தென்கிழக்கே, மூன்று கடலடி முகடுகள் ஒன்றுகூடும் சந்திப்புக்கு அருகே, ஏறத்தாழ 2,400 மீட்டர் ஆழத்தில் 'கைரேய்' ஊற்றுத்தொகுதி உள்ளது. இதனை 2000ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வுக்குழு கண்டறிந்தது. இங்குள்ள தூண்களைப் பல்லாயிரம் இறால்கள் மொய்த்திருக்கின்றன. இவ்வினத்திற்கு ரிமிகாரிஸ் கைரேயி என ஊற்றின் பெயரே இடப்பட்டுள்ளது. இந்த இறால் வகையின் செவுள் அறை பருத்திருக்கும். அதன் உட்சுவரில் பாக்டீரியாக்கள் படலமாக வளர்கின்றன. இறால் ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் இப்படலம் கழன்றுபோகிறது; புதிய தோலில் மீண்டும் முதலிலிருந்து குடியேற்றம் தொடங்குகிறது. அட்லாண்டிக் கடலில் வாழும் இதன் நெருங்கிய இனத்தை ஆராய்ந்தபோது, பாக்டீரியா ஆக்கிய சத்து அந்த அறையின் தோல் வழியாகவே இறாலின் உடலுக்குள் செல்வது தெரியவந்தது.

செதிற்கால் நத்தை

கிரைசோமல்லன் ஸ்குவாமிஃபெரம் என்னும் செதிற்கால் நத்தை இந்தியப் பெருங்கடலில் மட்டுமே வாழ்வது. 2001இல் கைரேய் ஊற்றில் முதன்முதலாகக் காணப்பட்டது. 2015இல் முறையாகப் பெயரிடப்பட்டது. இதன் பாதத்தின் பக்கங்களை, ஓடுகள் வேய்ந்ததுபோல் அடுக்கடுக்கான செதில்கள் மூடியுள்ளன. அச்செதில்களின் மேல் இரும்பு சல்பைடு பூச்சு உண்டு.

இதன் உணவுக்குழாயை ஒட்டிய சுரப்பி மிகவும் பருத்து, பாக்டீரியாக்களின் இருப்பிடமாக மாறியுள்ளது. செரிமானப் பாதை சுருங்கிவிட்டது. சுரப்பியிலுள்ள பாக்டீரியாக்களுக்கு இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், இதயம் உடல் பருமனில் ஏறத்தாழ 4 விழுக்காடு அளவுக்குப் பெரிதாகியுள்ளது. விருந்தாளிக்காக வீட்டையே மாற்றிக் கட்டியதுபோல் இதன் உடலமைப்பு அமைந்துள்ளது.

2009இல் கண்டறியப்பட்ட 'சாலிடேர்' ஊற்றில் இதே இனம் இரும்புப் பூச்சின்றி வெண்மையாகக் காணப்பட்டது. அங்குள்ள நீரில் இரும்பு குறைவு. நத்தையின் செதில்கள் வழியே வெளியேறும் கந்தகம் நீரிலுள்ள இரும்புடன் சேர்ந்தே பூச்சு உண்டாவதாக 2019இல் ஓர் ஆய்வு காட்டியது.

அடுத்த தலைமுறைக்கு

சில ஆழ்கடல் சிப்பிகளில் பாக்டீரியாக்கள் முட்டை வழியாகவே தாயிடமிருந்து குஞ்சுக்குச் செல்கின்றன. ரிஃப்டியாவில் அவ்வாறில்லை. அதன் இளவுயிரி பாக்டீரியா இன்றியே பிறந்து, நீரோட்டத்தில் மிதந்து, தகுந்த ஊற்றருகே தங்குகிறது. அங்குள்ள நீரிலிருந்து பாக்டீரியாக்கள் தோல் வழியே உட்புகுகின்றன. ஊற்றும் பாக்டீரியாவும் இல்லாத இடத்தில் தங்கிய இளவுயிரி பிழைப்பதில்லை.

நம் பகுதியில் காணும் ஒப்புமைகள்

இத்தகைய உறவைக் காண ஆழ்கடலுக்குப் போக வேண்டியதில்லை. ஆழ்வார்திருநகரியைச் சுற்றியுள்ள தாமிரபரணிப் பாசன வயல்களில் நெல் அறுத்தபின் விதைக்கும் உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றினுள் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றதாக மாற்றித் தருகின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. தூத்துக்குடியை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் பவளங்களுக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருந்து உணவு ஆக்குகின்றன. 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியபோது பவளங்கள் அப்பாசிகளை இழந்து வெளுத்தன, பல மடிந்தன. துணை உயிர் நீங்கினால் மற்றது நிலைக்காது என்பதை இது காட்டுகிறது.

அச்சுறுத்தலும் பாதுகாப்பும்

ஊற்றுகளில் படியும் சல்பைடுகளில் செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி ஆகியன உள்ளன. பன்னாட்டுக் கடலடித்தள ஆணையத்துடன் இந்தியா 2016இல் 15 ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்து, இந்தியப் பெருங்கடல் முகடுகளில் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சல்பைடுகளைத் தேடும் உரிமை பெற்றது. 2025இல் கார்ல்ஸ்பர்க் முகட்டுக்கும் இத்தகைய உரிமை கிடைத்தது. கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து, ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஊற்று ஒன்றைப் படமெடுத்ததாக 2024 திசம்பரில் அறிவிக்கப்பட்டது. 6,000 மீட்டர் ஆழத்திற்கு மூவரைக் கொண்டுசெல்லும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கியையும் சென்னை நிறுவனம் உருவாக்கிவருகிறது.

தேடுதல் வேறு, தோண்டுதல் வேறு. எனினும், 2019இல் செதிற்கால் நத்தை, கடலடிச் சுரங்க அச்சுறுத்தலின் பேரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 'அருகிவரும் இனம்' எனச் சேர்க்கப்பட்டது. அப்போது அது வாழ்வதாக அறியப்பட்டிருந்த ஊற்றுத்தொகுதிகள் மூன்றே. அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 0.02 சதுர கிலோமீட்டர், அதாவது ஐந்து ஏக்கர். அம்மூன்றில் இரண்டு, பிற நாடுகளின் தேடுதல் உரிமைப் பகுதிகளுக்குள் அமைந்திருந்தன.

இவ்விலங்குகளைப் பிடித்து வேறிடத்தில் விட்டுக் காப்பாற்ற முடியாது. நத்தை வாழப் பாக்டீரியா வேண்டும். பாக்டீரியா வாழ ஊற்றின் நீர் இடையறாது வர வேண்டும். ஆகவே இயங்கும் ஊற்றுகளைத் தொடாமல் விடுவதே இவற்றைக் காக்கும் வழி என உயிரியலாளர் பலர் வலியுறுத்துகின்றனர்.