முதுசமாக வந்த துவக்கு

தந்தையர் விட்டுச் செல்லும் முதுசங்களுள் வயலும் வளவும் நமக்கு நன்கு விளங்குவன. அவற்றுக்கு உறுதி உண்டு, எல்லை உண்டு. ஆயின், பழந்துவக்கொன்று நம் கைக்கு வருமாயின், அதனைப் படித்தறிய வல்லவர் மிகச் சிலரே. அத்தகைய துவக்கொன்றை அறிந்துகொண்ட வரலாற்றை இன்று எடுத்துக் கூற விரும்புகின்றேன்.

கல்முனை தொடங்கி நிந்தவூர், அக்கரைப்பற்று வரையுள்ள எம் ஊர்களிலே துவக்கு வேளாண்மையின் துணையாகவே வந்து சேர்ந்தது. கடலோரத்தில் குடியிருப்பு, மேற்கே வயல், அதற்கப்பால் காடு. இதுவே எம் முன்னோர் கண்ட நில அமைப்பு. கதிர் முற்றுங் காலத்தில் பன்றியும் யானையும் வட்டைக்குள் இறங்கும். பரணில் கண்விழித்திருந்தோருக்குத் தீப்பந்தமும் துவக்குமே காவல். 1949ஆம் ஆண்டிலே கல்லோயாத் திட்டம் தொடங்கியபின் காடு பெரிதும் சுருங்கியது; 1954இல் கல்லோயாத் தேசிய வனம் அமைந்தது. துவக்குகளோ வீடுகளில் எஞ்சின.

என் வாப்பா மறைந்தபின் அவருடைய இரட்டைக்குழல் துவக்கு என் பொறுப்பாயிற்று. எங்கள் வீட்டார் அதனை 'றைபிள்' என்றே அழைத்து வந்தனர். மூத்தவாப்பா அதனைக் கொண்டு யானை விரட்டினார் என்பது குடும்பப் பெருமை. உரிமம் முதலியன ஒழுங்கானபின் ஒருநாள் என் தம்பி, "காக்கா, புதுத் தோட்டா வாங்கிப் போட்டுப் பார்ப்போமே, பன்றித் தொல்லையாவது குறையும்" என்றார். மறுக்கவும் மனமில்லை, இசையவும் துணிவில்லை. முதலில் துவக்கைப் படிப்போம் என்றேன்.

எத்துவக்கையும் தோட்டா இருப்பதாகவே கருதித் திறந்து பார்த்தல் வேண்டும், இது முதற்பாடம். குழல்களை வெளிச்சத்தின் எதிரே பிடித்து நோக்கினோம். றைபிளாயின் உட்புறத்தே சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்துவன. எங்கள் குழல்களோ உள்ளே வழுவழுப்பாய் இருந்தன. ஆகவே, அது சன்னம் சிதறச் சுடும் துவக்கேயன்றி றைபிளன்று. 1854இல் இலங்கை வேட்டை பற்றி நூல் வெளியிட்ட சாமுவேல் பேக்கருக்குப் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் செய்து கொடுத்த யானைத் துவக்கு 21 இறாத்தல் எடையுடையது. அதனோடு ஒப்பிட்டால் எங்களுடையது வெறும் வயற்காவற் கருவியே.

அடுத்து, குழல்களின் அடிப்புறத்தைத் துடைத்துப் பார்த்தோம். அங்கே சாய்சதுரக் கட்டத்துள் 12 என்னும் எண் இருந்தது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கின், ஓர் உருண்டையின் விட்டமே அக்குழலின் விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். இக்கட்டக்குறி 1887இன் பின் வழங்கியது. அதன் அருகே, முடியின்கீழ் குறுக்காகச் சாய்ந்த இரு செங்கோல்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அது 1813இல் சட்டத்தால் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைக் கூடத்தின் முத்திரை. 1904இல் அது மாற்றப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், துவக்கு 1887க்கும் 1904க்கும் இடையில் சோதிக்கப்பட்டதென்பது புலனாயிற்று.

குழலின் மேற்புறத்தே ஓடிய பழுப்பு நிறச் சுருட்கோலங்களை நாங்கள் அலங்காரம் என்றே எண்ணியிருந்தோம். உண்மையில், இரும்பையும் உருக்கையும் முறுக்கி, ஓர் அச்சின்மேல் சுற்றிக் காய்ச்சி இணைத்தமையால் விளைந்த கோலம் அது. டமாஸ்கஸ் குழல் என்பர். சுற்றுக்குச் சுற்று இணைப்பு. ஈரம் உட்புகுந்து உள்ளூற அரித்திருப்பின் வெளிக்கண்ணுக்குத் தெரியாது.

இங்கேதான் ஆபத்து. அத்துவக்கு கருமருந்துக்காகச் சோதிக்கப்பட்டது. இக்காலத் தோட்டாவிலுள்ள புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டதற்கான குறி அதில் இல்லை. அன்றியும், அக்காலத் தோட்டா அறைகள் பெரும்பாலும் 2½ அங்குலத் தோட்டாவுக்கே அமைந்தவை. இன்று 2¾ அங்குலத் தோட்டா பெருவழக்கு. நீண்ட தோட்டாவும் அறைக்குள் நுழைந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் மிகும். குழல் பிளப்பின், அதனைத் தாங்கும் இடக்கையே முதலில் சிதையும். இதனைக் கேட்ட தம்பி, குழலைச் சற்று நேரம் தடவிப் பார்த்துவிட்டு, துவக்கைத் திரும்ப என்னிடமே தந்தார்.

இத்தகைய துவக்கைச் சாணைத்தாள் கொண்டு தேய்த்தல் கூடாது; கோலமும் முத்திரையும் அழிந்துபோம். மெல்லிய எண்ணெய் பூசி, உலர்ந்த இடத்திலே பூட்டி வைத்தலே தகும். பிள்ளைகளின் கைக்கு எட்டாமை இன்றியமையாதது.

இறுதியாக ஒன்று. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உரிமம் ஆளுக்கு உரியது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. துவக்கு முதுசமாக வரலாம். உரிமம் முதுசமாக வாராது. ஆகவே, உங்கள் வீட்டில் தந்தை விட்டுச் சென்ற துவக்கு இருப்பின், முதலில் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, மாவட்டச் செயலகத்திலே வழிகேளுங்கள். அதன்பின் குழலின் அடிப்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். தோட்டா வாங்குவது பற்றிய பேச்சு அதற்கும் பிறகே எழட்டும்.