எந்தக் கம்பெனி சைக்கிள் வாங்கலாம், அண்ணாச்சி?

பாளையங்கோட்டை டீக்கடை பெஞ்சில் அடிக்கடி வருகிற கேள்வி இது. கேட்கிறவர் பெரும்பாலும் நாற்பதை நெருங்கியவராக இருப்பார். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார், முட்டி ஒத்துழைத்திருக்காது. அல்லது வீடு டவுனில், வேலை வண்ணார்பேட்டையில், பெட்ரோல் செலவைக் கூட்டிப் பார்த்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டதோடு சைக்கிளும் விட்டுப்போயிருக்கும். "ஹீரோவா, ஹெர்குலிஸா? இல்ல, கியர் வச்சதுல நல்ல கம்பெனியா ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி" என்பார்.

நான் உடனே பெயர் சொல்வதில்லை. "பஞ்சர் ஆனா எந்தக் கடைக்குத் தள்ளிட்டுப் போவீங்க தம்பி?" என்று திருப்பிக் கேட்பேன். புதிதாக ஓட்ட வருகிறவருக்கு அந்தக் கடைதான் கம்பெனியைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. இன்னொரு டீ சொல்லிவிட்டு, ஏன் என்று சொல்கிறேன்.

பெயர்களைப் பற்றியே முதலில் பேசிவிடலாம். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. இரண்டும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த பெயர்கள். பி.எஸ்.ஏ. ஆதியில் துப்பாக்கி செய்த கம்பெனி. அதன் பழைய சின்னத்தில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தியிருப்பதைப் பார்க்கலாம். 1949-ல் முருகப்பா குழுமம் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் தொழிற்சாலை போட்டது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ், பிற்பாடு வந்த மோன்ட்ரா எல்லாம் அந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஹீரோ 1956-ல் லூதியானாவில் தொடங்கியது. 2015-ல் ஃபயர்ஃபாக்ஸையும் வாங்கிக்கொண்டது. ஆகவே "ஹெர்குலிஸா, பி.எஸ்.ஏ.வா?" என்று இரண்டு நாள் யோசிப்பதில் பெரிய பலன் இல்லை. கியர் சைக்கிளிலும் இதே கதைதான். சட்டத்தில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், நடுத்தர விலையில் கியர் பெரும்பாலும் ஷிமானோதான். ஜப்பானின் சகாய் நகரத்தில் 1921-ல் ஃப்ரீவீல் செய்து தொடங்கிய கம்பெனி அது.

அட்லஸ் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1951-ல் ஹரியானாவின் சோனிபட்டில் தொடங்கி, நாடு முழுக்க ஓடிய சைக்கிள். 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்றே, அதன் கடைசித் தொழிற்சாலையான சாகிபாபாத் ஆலையில் வேலை நின்றது. அந்தத் தொழிலாளர் குடும்பங்களை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் அட்லஸ் வைத்திருந்தவர்கள் சைக்கிளைக் காயலான் கடையில் போட வேண்டி வரவில்லை. சாதா சைக்கிளின் காட்டர் பின், ஃப்ரீவீல், ரிம், பால்ரஸ் எல்லாம் எந்தக் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. ஹீரோவுக்கு வாங்கியது அட்லஸில் உட்காரும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள்கள் ஊர் ஊராக ஓடுவதால், கருங்குளத்திலும் பத்தமடையிலும்கூட அந்தச் சாமான்களுக்குப் பஞ்சமில்லை.

கியர் சைக்கிளில் இந்த வசதி குறைவு. முதல் வித்தியாசம் டயர். சாதா சைக்கிளின் 28 இஞ்சு டயர் ஓரத்தை உற்றுப் பார்த்தால் 635 என்று ஓர் எண் இருக்கும். அது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். ஹைப்ரிட் என்று விற்கும் சைக்கிள்களின் 700சி டயரில் 622 என்றிருக்கும். சில 622 டயர்களில் 28 என்றும் சேர்த்து அச்சிட்டிருப்பதால், அதை நம்பிக் கடையில் தொங்கும் 28 இஞ்சு டயரை வாங்கினால் ரிம்மில் நிற்காது. 26-லும் இந்தக் குழப்பம் உண்டு. பழைய லேடீஸ் சைக்கிளின் 26 என்பது 590. தடித்த டயர் போட்ட ரேஞ்சர் வகையின் 26 என்பது 559. கம்பெனிப் பெயரைக் கேட்குமுன் இந்த மூன்று இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு போய், உங்கள் தெருக் கடையில் "இந்த டயர் இருக்கா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். உதட்டைப் பிதுக்கினால், அந்த சைக்கிளின் டயரையும் டியூபையும் நீங்களே வரவழைத்து வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வால்வு. சாதா சைக்கிளில் இருப்பது ரப்பர் வால்டியூப் போட்ட பழைய வால்வு. ரேஞ்சர், ஹைப்ரிட் வகைகளில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வருவது போன்ற தடித்த வால்வு. பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம். ரேஸ் வகை சைக்கிளில் ஒல்லியாக, தலையில் சிறு திருகாணியோடு ஒன்று வரும். பிரெஸ்டா என்று பெயர். சாலையோரப் பம்பு அதைப் பிடிக்காது. அதற்கென்று சின்னதாக ஒரு பித்தளை மூடி விற்கிறார்கள். அதை வால்வின் மேல் திருகிவிட்டால் பங்கில் காற்று ஏறும். அந்த மாதிரி சைக்கிள் வாங்குகிறவர் இரண்டு மூடி வாங்கி, ஒன்றை எப்போதும் வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் பஞ்சர் என்பது எப்போதாவது வரும் சமாச்சாரம் கிடையாது. ஆற்றங்கரை வயல்களை விட்டு விலகினால் உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும்தான். பஞ்சர் ஒட்டுகிறவர் கையைக் கவனித்துப் பாருங்கள். டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தில் விரலை வைப்பார். துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூசன் தடவி, அது காய்கிற நேரத்தில்தான் நல்ல மெக்கானிக் யார் என்று தெரியும். அவர் டயரின் உட்பக்கத்தைக் கட்டை விரலால் ஒரு சுற்று மெதுவாகத் தடவிக்கொண்டே வருவார். ஒடிந்த முள்ளின் நுனி, பென்சில் கூர் அளவுகூட இராது, டயருக்குள் நின்றுகொண்டிருக்கும். அதைக் குறட்டால் இழுத்துப் போட்ட பிறகே டியூபை மாட்டுவார். இந்தத் தடவலைச் செய்யாத கடையில் ஒட்டினால், பாலம் தாண்டுவதற்குள் அதே இடத்தில் மறுபடி இறங்கிவிடும். உங்கள் தெருவில் அப்படித் தடவுகிற ஒருவர் இருந்தால், அவர் கைக்குப் பழகிய சைக்கிளை வாங்குங்கள்.

இனி உடம்பு. கடையில் "26 சைஸ்" என்பார்கள். அது சக்கரத்தின் அளவு. உங்கள் காலுக்கும் கைக்கும் வேண்டியது சட்டத்தின் அளவு. ஒரே 26 சக்கரத்தில் 15 இஞ்சு சட்டமும் வரும், 18-ம் வரும். நான்கரை அடிப் பையனுக்கும் ஐந்தே முக்கால் அடி அப்பாவுக்கும் ஒரே "26 சைஸ்" என்று விற்கப்படுவதும் உண்டு. பாரின் இரு பக்கமும் காலைப் போட்டு, பாதம் முழுக்கத் தரையில் பதிய நில்லுங்கள். பாருக்கும் உங்களுக்கும் இடையே ஓர் இஞ்சு, இரண்டு இஞ்சு இடைவெளி இருக்க வேண்டும். பிறகு சீட்டில் ஏறி, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் இரண்டு பாதமும் தரையில் ஊன்றும்படி சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். முட்டிவலி தொடங்கும் இடம் பெரும்பாலும் அதுதான். சைக்கிளைக் குறை சொல்லிவிட்டு மூலையில் சாத்திவிடுகிறார்கள்.

பெண்கள் கேட்டால் கடைக்காரர் நேராக லேடீஸ் மாடலைத்தான் காட்டுவார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றபோது, லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி, பார் வைத்த சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். சுடிதாரோ பேண்டோ போட்டு ஓட்டுகிறவர்களுக்கு பார் ஒரு தடையே இல்லை. மறுபக்கம், முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொள்கிற ஐம்பத்தைந்து வயது ஆணுக்கு பார் தாழ்ந்த சட்டம்தான் சுகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கியர் வேண்டுமா? நம் ஊர் தரை சமதளம், அதற்கெதற்குக் கியர் என்று சொல்கிறவர்கள் ஆடிக் காற்றை மறந்துவிடுகிறார்கள். ஜூன் தொடங்கி, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் நுழைந்து நம் மாவட்டத்தில்தான் வந்து விழுகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தானே. நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டரில் காற்று அடித்தால், காற்றின் தடை இரண்டு மடங்கோடு நிற்காது, நான்கு மடங்காகும். சாதா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்கு வண்டி ஐந்தரை மீட்டர் நகர வேண்டும். அந்தக் காற்றில் அது நகராது. கியரில் முன்னும் பின்னும் 28 பல்லாக மாற்றிவிட்டால் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். மெதுவாகத்தான், ஆனாலும் மூச்சு வாங்காமல் போய்ச் சேரலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆடியில் முதல் நீண்ட சவாரியை மேற்கே வையுங்கள். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று தெம்பு இருக்கும்போதே காற்றை எதிர்த்துப் போய்விட்டால், திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்துவிடும். கிழக்கே செய்துங்கநல்லூர், ஆதிச்சநல்லூர் பக்கம் போகிறவர்கள் போகும்போது சிறகு முளைத்தது போலப் போய்விட்டு, வெயிலேறிய பிறகு எதிர்காற்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது பெயர் சொல்கிறேன். தினமும் டவுனுக்கும் பாளைக்கும் போய்வர, காய்கறி வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்றால் கியர் இல்லாத சைக்கிளே போதும். ஹீரோ, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஏவான், எதுவானாலும் சரி. மட்கார்டு, கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு எல்லாம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம், பாபநாசம் வரை போகிற ஆசை இருந்தால், முன்னால் ஸ்பிரிங் இல்லாத ஹைப்ரிட். மோன்ட்ரா, ஃபயர்ஃபாக்ஸ், டெகாத்லானின் ரிவர்சைட் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். இவற்றில் எதற்கு சர்வீஸ் கடை உங்கள் வீட்டுக்குப் பக்கமோ அதை எடுங்கள். வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரேஸ் சைக்கிள் முதல் வண்டியாக வேண்டாம்.

ஸ்பிரிங் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். 15,000 ரூபாய்க்குக் கீழே முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்து மோட்டார் சைக்கிள் மாதிரி நிற்பவை, பிள்ளைகள் கண்ணைப் பறிப்பவை, பெற்றோரின் காசை வீணடிப்பவை. ஸ்பிரிங் எடையைக் கூட்டும், ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே அமுங்கி உங்கள் பலத்தைத் தின்னும், இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து அசையாமல் நின்றுவிடும். குண்டுகுழி ரோட்டுக்குச் சற்று அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினாலே போதும், முதுகுக்கு இதம்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. மிச்சமாகும் பணத்தில் ஹெல்மெட், முன்னும் பின்னும் லைட், ஒரு கைப்பம்பு வாங்குங்கள். கியர் சைக்கிள் என்றால் ஹேங்கர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் கியரைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டு அது. வண்டி சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான். மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் பிறகு தேடினால் கிடைக்காது.

வண்டி கடைக்குப் பெட்டியில் பாதி பிரித்த நிலையில்தான் வரும். மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். இடது பெடலின் மறை எதிர்ப்புறமாகச் சுற்றும். அவசரத்தில் மாற்றி முறுக்கினால் கிராங்க் கெட்டுவிடும். ஒரு மாதம் ஓட்டிய பிறகு ஸ்போக்ஸும் பிரேக் கம்பியும் இளகியிருக்கும். அதே கடைக்குக் கொண்டுபோய் முறுக்கி, ரிம் கோட்டமும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சர்வீஸை வண்டி விலையிலேயே சேர்த்துச் செய்து தரும் கடைகள் உண்டு. பில் போடும்போதே அதைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள், தம்பி.